முதலில் அடுப்பை அணையுங்கள், ஸ்தோத்திரம் பிறகு

பால் பொங்கி அடுப்பு அணைந்துவிடும். கதவை இழுத்துச் சாத்திய பிறகுதான் சாவி உள்ளே ஆணியில் தொங்குவது ஞாபகம் வரும். போட்ட மோட்டாரை மறந்துவிட, மாடித் தண்ணீர் பக்கத்து வீட்டு வடகத்தின் மேல் கொட்டும். விருந்தாளி வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து சிலிண்டர் தீரும். இப்படி ஒன்று நடந்த வீட்டில், அதற்குள் கர்த்தர் வைத்த சின்ன நன்மையைப் பொய் சேர்க்காமல் கண்டுபிடிப்பது எப்படி, குடும்ப ஜெபத்தில் அதை எப்படிச் சொல்வது, மறுநாள் என்ன செய்வது? இந்த அத்தியாயம் அவ்வளவுக்குத்தான்.

'பொய் சேர்க்காமல்' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சாட்சி சொல்லிப் பழகிய ஜனங்கள் நாம். மூன்றாவது தடவை சொல்லும்போது முழங்கை சிராய்ப்பு தலைக்காயம் ஆகியிருக்கும்.

எதற்கு இந்த முறை, எதற்கு இல்லை

ஒரு வாரத்தில் சரிசெய்துவிடக்கூடிய காரியங்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். கொட்டியது, உடைந்தது, தொலைந்தது, தவறவிட்டது, தாமதமானது, ஒரு பிளாஸ்திரியோடு ஆறியது.

சாவு, பெரிய வியாதி, வேலை போனது, கடன், குடித்துவிட்டு அடிக்கிற கை ஆகியவை இந்தக் கணக்கில் வராது. அவற்றில் 'நன்மை' தேடச் சொல்லி யாரையும் உட்கார வைக்காதீர்கள். அங்கே தேவை வைத்தியர், வக்கீல், கூட இருந்து அழ ஒரு ஆள்.

வரிசை

வரிசைதான் முக்கியம். பலர் ஆறாவது படியை முதலில் செய்துவிடுகிறார்கள்; தரையில் எண்ணெய் அப்படியே கிடக்க, "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

1. ஆபத்தை நிறுத்துங்கள். ஜெபம் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. வாயில் "இயேசப்பா" இருக்கட்டும், கை ரெகுலேட்டரில் இருக்கட்டும்.

- கேஸ் நாற்றம்: ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல் எல்லாம் திறங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அதனால் ஜன்னல் மட்டும் போதாது, வாசற்கதவும் திறக்க வேண்டும். எந்த ஸ்விட்ச்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். நாற்றம் போகாவிட்டால் வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.
- சுட்டுக்கொண்டால்: குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வீங்குவதற்கு முன்பே வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ஐஸ், பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். ஜெப எண்ணெயும் வேண்டாம். தீக்காயத்தின் மேல் அதுவும் எண்ணெய்தான்.
- ஷாக் அடித்தால்: மெயினை அணைக்காமல் ஆளைத் தொடாதீர்கள்.
- குழந்தை எதையாவது விழுங்கினால்: பொம்மையில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள், காத்திருந்து பார்க்கிற விஷயம் அல்ல. மண்ணெண்ணெய், கழிவறை கழுவும் திரவம் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.
- வயதானவர்கள் விழுந்தால்: கையைப் பிடித்து விருட்டென்று தூக்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். காலை அசைக்க முடியவில்லை என்றால் அப்படியே படுக்கவிட்டு 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

2. ஆளைப் பாருங்கள், பொருளை அப்புறம் பார்க்கலாம். பீங்கான் தட்டு உடைந்த சத்தம் கேட்டதும் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி "எந்தத் தட்டு?" என்று இருந்தால், அன்றைய இரவு ஜெபத்தில் அந்தப் பிள்ளை உங்கள் ஸ்தோத்திரத்தை நம்பாது. "கால்ல குத்திச்சா?" என்று கேளுங்கள்.

3. துடையுங்கள். கொட்டியவர், பார்த்தவர், சத்தம் கேட்டு வந்தவர் எல்லாரும் சேர்ந்து. அம்மா மட்டும் துடைத்துக்கொண்டிருக்க மற்றவர்கள் இரவில் நன்றி சொல்ல உட்கார்ந்தால், அது அவளுக்குச் செய்கிற நன்றிகேடுதான்.

4. ஆற விடுங்கள். அன்று இரவு ஜெப நேரம் வரைக்குமாவது. கோபம் இன்னும் இருந்தால் மறுநாளுக்குத் தள்ளி வையுங்கள். கோபத்தில் சொல்லும் ஸ்தோத்திரம் யாருக்கோ கொடுக்கும் குட்டாகத்தான் போய் விழும்.

5. நடந்ததைச் சொல்லுங்கள். யார் கையால் நடந்ததோ அவர் முதலில் பேசட்டும். குறுக்கே விழக் கூடாது. "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒருவர் ஒரே ஒரு தடவை சொல்லிக்கொள்ளலாம். பவுலே சொல்லியிருக்கிறார். குளிர்காலத்தில் கப்பலை எடுக்க வேண்டாம் என்று அவர் தடுத்ததை நூற்றுக்கு அதிபதி கேட்கவில்லை. புயலில் பல நாள் அடிபட்ட பிறகு, என் பேச்சைக் கேட்டிருக்கலாமே என்று அதை எடுத்துக் காட்டினார். காட்டிவிட்டு உடனே தைரியம் சொல்லப் போய்விட்டார். நாம் அந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறோம்.

6. மூன்று கேள்விகள் கேளுங்கள். எது போகாமல் நின்றது? யார் வந்து கைகொடுத்தார்கள்? இது நடக்காவிட்டால் எது நம் கண்ணில் பட்டிருக்காது? மூன்றுக்கும் பதில் கிடைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒன்று போதும்.

7. இரண்டு மூன்று வாக்கியத்தில் ஜெபியுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லி.

8. ஒரு வேலையை எழுதுங்கள். யார், எந்தத் தேதிக்குள் என்று சேர்த்து. இந்தப் படி இல்லாவிட்டால் மேலே உள்ள ஏழும் வெறும் பேச்சு.

ஒரு வீட்டில் நடந்தது

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வீடு. காலை அவசரம். ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம், "பாலைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா குளிக்கப் போனாள். பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது போனை. பால் பொங்கி பர்னரை அணைத்துவிட்டது. முன்கூடத்தில் வேதாகமம் வாசித்துக்கொண்டிருந்த ஆச்சிக்குத்தான் முதலில் நாற்றம் தட்டியது. "ஏட்டி, அடுப்பப் பாரு" என்று அவள் போட்ட சத்தத்தில் பிள்ளை ஓடி நாபைத் திருப்பியது. அப்பா வந்து சிலிண்டரை மூடி, வாசலையும் பின்கதவையும் திறந்துவிட்டார்.

நாற்றம் போன பிறகு அடுப்பைத் தூக்கி வைத்துத் துடைக்க வேண்டியிருந்தது, பால் அடியிலெல்லாம் ஓடியிருந்ததால். அப்போதுதான் அப்பா பார்த்தார்: சுவரோரம் ஆரஞ்சு நிற டியூபில் எலி கடித்த தடம். மேல் ரப்பர் பிய்ந்து உள்ளே கம்பி வலை தெரிந்தது. அடுப்பை நகர்த்தாமல் அது கண்ணில் படவே படாது.

இரவு ஜெபம். பாய் விரித்தாயிற்று. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "நான் போன் பார்த்துட்டு இருந்தேன்" என்றது. அம்மா வாயைத் திறக்கப் போனாள். ஆச்சி கையைக் காட்டினாள். மூன்றாவது கேள்விக்கு அப்பா டியூபைச் சொன்னார். பிறகு பிள்ளையையே ஜெபிக்கச் சொன்னார்கள்.

"இயேசப்பா, ஆச்சிக்கு வாசனை தெரிஞ்சதுக்கு ஸ்தோத்திரம். டியூபை அப்பா பார்த்ததுக்கு ஸ்தோத்திரம். இனிமே பாலைப் பார்த்தா பாலை மட்டும் பார்க்கேன். ஆமென்."

இதைவிட நல்ல ஜெபம் இந்த அத்தியாயத்தில் இல்லை. பெரியவர் ஒருவர் செய்திருந்தால், "பாலைப் பொங்கப் பண்ணி எங்களைப் பெரிய விபத்திலிருந்து தப்புவித்தீரே" என்று போயிருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பால் பொங்கியது போன் பார்த்ததால். கர்த்தர்தான் பொங்க வைத்தார் என்று சொல்லிவிட்டால், பிள்ளை அடுத்த தடவையும் போனைப் பார்க்கலாம் அல்லவா? பார்த்த நன்மைக்கு நன்றி சொல்லுங்கள். பார்க்காத காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டாம்.

எட்டாவது படி: மறுநாள் காலை ஏஜென்சிக்கு ஆள் போய் புது டியூப் வந்தது. அதுவரை அடுப்பு பற்றவைக்கவில்லை; காப்பி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. (அதையும் இரண்டாவது கேள்விக்குப் பதிலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.) உங்கள் வீட்டு டியூபையும் இன்றைக்கே ஒரு தடவை பாருங்கள். எலி கடிக்காவிட்டாலும் 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தேதி டியூபிலேயே அச்சிட்டிருக்கும்.

ஜெப நேரத்துக்கு நான்கு வாசிப்புகள்

வேதாகமத்தில் வீட்டுத் தடுமாற்றங்கள் நிறைய இருக்கின்றன. நாம்தான் அவற்றைப் பிரசங்கத்துக்கு மட்டும் வைத்துவிட்டோம்.

*பிள்ளை தொலைந்தால், அல்லது வர நேரமானால்:* லூக்கா 2. பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிடுகிறார். கூட்டத்தில் இருப்பார் என்று நினைத்து, யோசேப்பும் மரியாளும் ஒரு நாள் பிரயாணம் போன பிறகுதான் தேடுகிறார்கள். மூன்று நாள் கழித்து தேவாலயத்தில் பார்க்கிறார்கள். பார்த்ததும் தாய் வாயில் வந்தது நன்றி ஜெபம் அல்ல. ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய் என்ற கேள்வி. திருக்குடும்பத்திலேயே இப்படி என்றால், உங்கள் வீட்டில் முதலில் சத்தம் வந்து பிறகு ஸ்தோத்திரம் வருவதில் தப்பில்லை.

*விருந்தில் ஏதாவது பற்றாமல் போனால்:* யோவான் 2, கானா ஊர்க் கலியாணம். கலியாண வீட்டில் சாப்பாடு பற்றாமல் போனால் என்ன மானக்கேடு என்று நமக்குச் சொல்லித் தர வேண்டாம். குறையை முதலில் கவனித்தது மரியாள். ஆறு கற்சாடிகளிலும் வாய்மட்டும் தண்ணீர் நிரப்பினது வேலைக்காரர்கள். இதை வாசிக்கும் இரவில், உங்கள் வீட்டில் தண்ணீர் நிரப்பினவர் யார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

*பொருள் தொலைந்தால்:* லூக்கா 15-இல் பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண். விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, ஜாக்கிரதையாய்த் தேடினாள். கிடைத்ததும் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டாள். வெளிச்சம், விளக்குமாறு, பிறகு சந்தோஷம். சாவி தொலைந்த வீட்டில் சிறுபிள்ளைகளுக்கு இதை வாசித்துவிட்டுத் தேடச் சொன்னால் கட்டில் அடிவரை பெருக்கிவிடுவார்கள்.

*பிரயாணம் கெட்டால்:* அப்போஸ்தலர் 27, 28. கப்பலில் 276 பேர். விடியுமுன்னே, புயலின் நடுவில், பவுல் அப்பத்தை எடுத்து எல்லாருக்கும் முன்பாக நன்றி சொல்லிச் சாப்பிடுகிறார்; மற்றவர்களும் தேறிச் சாப்பிடுகிறார்கள். கப்பல் உடைந்தது, சரக்கு போனது, ஒருவரும் சாகவில்லை. பஸ் பழுதாகி நடுவழியில் நிற்கும்போது கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அடிக்கடி செய்கிற தவறுகள்

குற்றக் கணக்குப் பார்ப்பது. "போன வாரம் ஆராதனைக்குப் போகல, அதான் வண்டி பஞ்சர்." இதைச் சொல்ல ஒரு அத்தை எல்லா வீட்டிலும் இருப்பார். மெலித்தா தீவில் பவுலின் கையில் விரியன் பாம்பு கவ்வியதும், இவன் கொலைபாதகன் என்றார்கள் அந்த ஊரார். நெடுநேரம் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. உடனே இவன் தேவன் என்றார்கள். இரண்டு தீர்ப்பும் தப்பு. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை என்று இயேசுவே லூக்கா 13-இல் சொல்லிவிட்டார். அத்தை மறுபடி ஆரம்பித்தால் அந்த அதிகாரத்தை எடுத்து அத்தையையே வாசிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தவர் சாவின் மேல் நின்று நன்றி சொல்வது. இதுதான் எல்லாவற்றிலும் மோசம், இதைத்தான் நாம் சபையில் அதிகம் கேட்கிறோம். பஸ்ஸைத் தவறவிட்டோம், அந்த பஸ் வழியில் விபத்துக்குள்ளானது. "கர்த்தர் எங்களை மட்டும் காத்தார்" என்று மைக்கில் சொல்கிறோம். அந்த பஸ்ஸில் போனவர்களுக்கும் வீட்டில் ஜெபிக்கிற தாய் இருந்திருப்பாள். அவள் பின்வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டால் என்ன நினைப்பாள்? நீங்கள் தப்பியதற்கு நன்றி சொல்லக் கூடாது என்றில்லை. தனியாக, முழங்காலில் நின்று சொல்லுங்கள். 'மட்டும்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அதே ஜெபத்தில் அந்தக் குடும்பங்களுக்காகவும் மன்றாடுங்கள். மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்ததும் துக்க வீட்டுக்குப் போக முடியுமா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து இந்த ஒரு தவறைத் திருத்தினாலே பாதி சாட்சிகள் சுத்தமாகிவிடும்.

மற்றவருக்காக நாம் நன்மையைக் கண்டுபிடிப்பது. உங்கள் கொட்டிய பாலில் நன்மை தேட உங்களுக்கு உரிமை உண்டு. மைனி வீட்டு உடைந்த ஃபிரிட்ஜில் தேட உங்களுக்கு உரிமை இல்லை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள்.

நன்றியைப் பழுதுபார்ப்புக்குப் பதிலாக வைப்பது. ஹெல்மெட் போடாமல் விழுந்து சிராய்ப்போடு தப்பினவர், மறுநாளும் ஹெல்மெட் போடாமல் வண்டி எடுத்தால் அவர் சொன்ன ஸ்தோத்திரத்துக்கு என்ன அர்த்தம்? தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சொன்னது யார் என்பது நமக்குத் தெரியும்.

பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துவது. "சொல்லு, ஸ்தோத்திரம் சொல்லு" என்று இடித்தால் சொல்லும். பதின்மூன்று வயதுக்கு மேல் அதையும் கேலியாகச் சொல்லும். விட்டுவிடுங்கள், கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று, ஜெபப் புத்தகங்களோடு. பக்கத்தில் நான்கு கட்டம்: தேதி, நடந்தது, பார்த்த நன்மை, செய்ய வேண்டியது. ஒரு கட்டத்துக்கு ஒரு வரிக்கு மேல் எழுதாதீர்கள். நீளமானால் கதை வளரும். தேதியை விட்டுவிட்டுப் பார்த்தால் இப்படி:

- மாடித் தொட்டி வழிந்தது / பக்கத்து வீட்டம்மா கோபப்படவில்லை / சனிக்கிழமைக்குள் அப்பா மிதவை வால்வு மாட்ட வேண்டும். அவர்களுக்கு அரைப்படி வடகம்.
- தம்பி ரயிலைத் தவறவிட்டான் / இன்னும் தெரியவில்லை / டிக்கெட் பணம் திரும்ப வருமா என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். 'இன்னும் தெரியவில்லை' என்று எழுதலாம், எழுத வேண்டும். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதலான கடைசி வசனம் ஒன்றை யாரும் அதில் ஒட்டவில்லை. நீங்களும் ஒட்ட வேண்டாம். சில கட்டங்கள் வருஷக்கணக்கில் காலியாகவே இருக்கும்.

கத்தோலிக்க வீடுகளுக்கு இது புதிதல்ல. இஞ்ஞாசியாரின் 'ஆன்மப் பயிற்சிகள்' 1548-இல் அச்சானது. அதில் வரும் ஐந்து படி ஆன்மச் சோதனை நன்றியில்தான் தொடங்குகிறது. பெற்ற நன்மைக்கு நன்றி, ஒளி கேட்டல், நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். அதை ஏற்கெனவே செய்கிறவர்கள் தனி நோட்டு போடத் தேவையில்லை; மூன்றாவது படியில் அன்றைய தடுமாற்றத்தைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குக் கிளம்புவதற்கு முன் நோட்டை எடுத்து வாசியுங்கள். நான்காவது கட்டத்தில் முடிக்காமல் கிடக்கும் வேலைகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் போட எடுத்து வைத்த பணத்தில் கொஞ்சம் அந்த வால்வுக்குப் போகட்டும் என்று நான் சொன்னால் ஆயர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

மனிதர் மூலம் வந்த நன்மைக்கு

இரண்டாவது கேள்விக்குப் பதிலாக ஒரு ஆளின் பெயர் வந்திருந்தால், கர்த்தருக்குச் சொன்னதோடு நிற்காதீர்கள். பிள்ளை ஆட்டோவில் விட்டுவந்த புத்தகப் பையை டிரைவர் தேடிவந்து கொடுத்தார் என்றால்:

1. அந்த வாரத்துக்குள் போங்கள். ஸ்டாண்டில் அவர் சும்மா இருக்கும் மத்தியான நேரம் நல்லது. காலையில் சவாரியைக் கெடுக்காதீர்கள்.
2. பையை விட்ட பிள்ளையையே பேச விடுங்கள்.
3. பணமாகக் கொடுத்தால் வாங்கமாட்டார். வீட்டில் செய்த பலகாரம் வாங்குவார். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கட்டுங்கள்.
4. கையில் கைப்பிரதி வேண்டாம். நன்றி சொல்லத்தான் போகிறீர்கள்.